வலக் கன்னத்துப் பொட்டு

பத்தே நிமிஷந்தான்க்கான்னு சொல்லிட்டு உள்ளே போனா கவர் டிசைன் செய்ற மாரீஸ்வரி. முக்கால் மணி நேரமாச்சு. சிவகாசியில பத்து நிமிஷத்துல எந்த வேலை முடிஞ்சிருக்கு, நானும் இருபத்தோரு வருஷமா இந்த பிரஸ்ஸுக்கு வாரேன், இதே முன் ரூம்பு, இதே மை வாடை, சேர் மாறியிருக்கு, ஃபேன் மாறல, சத்தம் போடுறதுக்குன்னே மாட்டி வச்ச ஃபேன். முன்னெல்லாம் லேட்டானா நான் சும்மா உக்காந்திருக்க மாட்டேன், நேரா உள்ளே போய் நின்னுருவேன், அண்ணாச்சி என்னதான் செய்றீக, அங்க எங்க மாவு மில்லுல பொம்பளைக வறுத்து வச்சுட்டுக் கவருக்காகக் காத்துக் கிடக்காகன்னு. இன்னைக்கு மெதுவாவே செய்யட்டும். கரண்டு போனாலும் போகட்டும். அந்த மாரீஸ்வரிக்குக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணட்டும். நான் என்ன செய்யணும், அவ புது கவரோட மாதிரியை அடிச்சு எடுத்துட்டு வருவா, அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கணும், ஓரத்துல சரின்னு எழுதி சண்முகக்கனின்னு கையெழுத்துப் போடணும், அம்புட்டுத்தான், மத்தியானம் மிஷின்ல ஏறிரும். தாரணி சத்துமாவு, அரைக் கிலோ. பேரு அப்படியே இருக்கும், பச்சை நிறம் அப்படியே இருக்கும், பாப்பா படம் மட்டும் இருக்காது. உள்ளே தாரணி சிரிக்கிறது கேக்குது. என் மக. அவதான் இப்ப கம்பெனியைப் பாக்குறா, நான் பேருக்கு முதலாளி, கையெழுத்துப் போடுற முதலாளி. அம்மா நீங்க ஏன் வாரீக, வாட்ஸப்ல அனுப்புறேன் பாத்துச் சொல்லுங்கன்னா. நான் வருவேன்னு ஒத்தைக் கால்ல நின்னு வந்தேன். வந்து என்னத்தைக் கிழிச்சேன், இந்தச் சேர்ல உக்காந்து ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருக்கேன்.

போன மாசம் எட்டாந்தேதி அந்த ஆபீசரம்மா வந்தாக, உணவுப் பாதுகாப்பு ஆபீஸ்ல இருந்து. சின்ன வயசுதான், தாரணியைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். வறுக்கிற இடம், சலிக்கிற இடம், பொம்பளைக தலையில தொப்பி இருக்கா, கையில உறை இருக்கா, எல்லாம் பாத்தாக, ஒரு குறை சொல்லல, எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. பெறகு பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாக. எனக்கு அதுல பயம் கிடையாது. எத்தனை பாத்தாச்சு. பதினாலு இலக்க லைசென்ஸ் நம்பர் போடுங்கன்னாக, போட்டோம். எழுத்து இத்தனை மில்லிமீட்டர் உசரம் வேணும்னாக, பெரிசாக்கினோம். நூறு சதவீதம்னு போடக்கூடாதுன்னாக, எடுத்தோம். சைவம்னு காட்டுற பச்சைப் புள்ளி கட்டத்துக்குள்ள இருக்கணும்னாக, கட்டம் போட்டோம். வருஷத்துக்கு ஒண்ணு வரும், ஆடிட்டர் புலம்புவாரு, எங்க வீட்டுக்காரவுக புலம்புவாக, நான் புலம்பமாட்டேன், எழுதத்தானே சொல்றாக, எழுதிட்டுப் போவோம்னு சொல்லுவேன். அன்னைக்கும் அப்படித்தான் காப்பியைக் கையில கொடுத்துட்டு நின்னேன். அந்தம்மா காப்பியைக் குடிக்காம பாக்கெட்டையே பாத்துக்கிட்டிருந்தாக. ஆறு மாசக் குழந்தை முதல்னு நீங்களே போட்டிருக்கீங்க, அப்ப இது குழந்தை உணவு, குழந்தை உணவு கவர்ல குழந்தை படம் போடக்கூடாது, சட்டம் ரொம்ப வருஷமா இருக்கு, சின்ன கம்பெனிகளை இதுவரைக்கும் யாரும் கேக்கல, இப்ப கண்டிப்பா பாக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவுன்னாக. மூணு மாசம் டைம். மிச்சமிருக்கிற பழைய கவரையெல்லாம் வெட்டி அழிக்கணும். படம் இருந்த இடத்துல வேற ஏதும் போட்டுக்கோங்க, ஆனா தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்ததுன்னு ஒரு வரி கட்டாயம். எவ்வளவு நியாயமாச் சொன்னாக. கொழுகொழுன்னு ஒரு பாப்பாவைக் கவர்ல பாத்துட்டுப் பாலை நிறுத்திட்டு மாவைக் கரைச்சு ஊத்துறவ இருக்கத்தான் செய்றா. சட்டத்தை நான் குத்தம் சொல்லமாட்டேன். அந்தம்மாவையும் சொல்லமாட்டேன். போகும்போது அந்தம்மா படத்தை விரலால தடவி, அழகா இருக்கு, யாரு குழந்தைன்னு கேட்டாக. தாரணி நெஞ்சை நிமித்திக்கிட்டு, நான்தான் மேடம்னா. அந்தம்மா அவளையும் படத்தையும் மாறி மாறிப் பாத்து, ஆமா, அப்படியே இருக்குன்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டாக. நான் அந்த ஆறிப்போன காப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்.

அது தாரணி இல்லை. சொல்லிட்டேன். வாயால சொல்லல, மனசுக்குள்ளதான், மனசுக்குள்ள சொல்றதுக்கே இம்புட்டு வருஷம் நான் அக்கம்பக்கம் பாத்துக்குவேன், யாரும் கேட்டுருவாகளோன்னு. அது தாரணி இல்லை, பூரணி. ரெட்டைப் பிள்ளைக எனக்கு. ரெண்டும் ஒரே அச்சு. வீட்டுல எல்லாரும் அரைஞாண் கயித்தை வச்சுத்தான் கண்டுபிடிப்பாக, பூரணிக்குச் சிவப்பு, தாரணிக்குக் கறுப்பு. எனக்குக் கயிறு வேண்டாம். நான் பூரணிக்கு எப்பவும் வலது மாருல பால் கொடுப்பேன், தாரணிக்கு இடது மாருல, மாத்திக் கொடுத்தா ரெண்டும் குடிக்காது, கத்தும். அதனால திருஷ்டிப் பொட்டும் அப்படியே வைப்பேன், பூரணிக்கு வலக் கன்னத்துல, தாரணிக்கு இடக் கன்னத்துல. யாருக்கும் இதைச் சொன்னதில்லை, சொல்ல என்ன இருக்கு, கையி அதுபாட்டுக்கு வைக்கும். எட்டு மாசத்துல துபாய்ல இருந்து என் தம்பி போன் பண்ணி, அக்கா பிள்ளைக போட்டோ அனுப்பு, அனுப்புன்னு உசுரை வாங்கினான். எங்க வீட்டுக்காரவுக அக்கா ராமலெச்சுமி மதினி, அவுக வச்சதுதான் வீட்டுல சட்டம். ஒரு வயசு முடியாம பிள்ளையைப் போட்டோ பிடிக்கக்கூடாது, ஆயுசு குறையும், பிறந்த நாளு முடியட்டும் பாத்துக்கலாம்னுட்டாக. நானு பத்தாவது பாஸு, எனக்கு இதெல்லாம் நம்பிக்கையில்லைன்னு ஒரு திமிரு. தடுப்பூசின்னு பொய் சொல்லிட்டு ரெண்டையும் தூக்கிட்டுப் போறதா இருந்தேன். அன்னைக்குக் காலையில தாரணிக்குக் காய்ச்சல் கண்டுருச்சு, அதை மதினிகிட்ட விட்டுட்டு பூரணியை மட்டும் தூக்கிட்டுப் போனேன். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துல மாடி ஸ்டுடியோ. படியேற ஏற எனக்கு இளைக்குது, அவ்வளவு கனம் அவ, நல்லா தின்னு கொழுத்துப்போய் தொடையில மடிப்பு மடிப்பா இருப்பா. ஸ்டுடியோக்காரரு ஒரு பீப்பீ பொம்மைக் கிளியை அமுக்கினாரு, கீச்சுன்னுச்சு, சிரிச்சா பாருங்க, வாயெல்லாம் ஈறு, கீழ ஒரே ஒரு பல்லு. அந்தச் சிரிப்புதான். அதுதான் ஏழு ஜில்லாவுல பலசரக்குக் கடையெல்லாம் தொங்குது. ரசீதைத் தடுப்பூசி அட்டைக்குள்ள மடிச்சு வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன், வர்ற வழியில அவளுக்கு ஒரு முத்தம் கொடுத்து, யார்ட்டயும் சொல்லாதடின்னேன்.

அவ சொல்லல. நாலாம் நாள் வாந்தி, பேதி, அஞ்சாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில கண்ணு மேல போயிருச்சு. காய்ச்சல்ல கிடந்த தாரணி எழுந்து உக்காந்துருச்சு, தவழ்ந்து விளையாடிக் கொழுத்துக் கிடந்தவ போயிட்டா. டாக்டர் ஏதோ கிருமின்னாரு, அந்தச் சமயம் ஊருல நாலஞ்சு பிள்ளைகளுக்கு வந்துச்சு, எனக்கும் தெரியும் கிருமிதான்னு, பத்தாவது படிச்சவளுக்குத் தெரியாதா. ஆனா தெரிஞ்சு என்ன. வலது மாரு பால் கட்டிக் கல்லாட்டம் ஆயிருச்சு. தாரணியை எடுத்து வலப்பக்கம் போட்டா அது வாயை வைக்க மாட்டேங்குது, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அழுகுது, அது அக்காவோட இடம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. பீச்சிப் பீச்சிச் செடிக்கு ஊத்தினேன். தாய்ப்பாலே சிறந்ததாம், ஒரு வரி போடணுமாம், போடுங்கம்மா, நல்லாப் போடுங்க. மூணு மாசம் கழிச்சு தாரணிக்கு ஊசி போடணும்னு அட்டையைத் தேடினவுக எங்க வீட்டுக்காரவுக. ரசீது கீழ விழுந்துச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கல, பாவம் அந்த மனுசனுக்கு எதையும் கேக்கத் தெரியாது, நேரா ஸ்டுடியோவுக்குப் போய் படத்தை வாங்கி, ஃப்ரேமும் போட்டு, சாயங்காலம் சந்தோசமாக் கொண்டாந்து நடு வீட்டுல வச்சுட்டாக. மதினி அடுப்படியில இருந்து வந்தாக. பாத்தாக. எப்ப எடுத்தது? யாரை எடுத்த? நான் படத்தைப் பாத்தேன். நெஞ்சுக்கு மேலதான் படம், கயிறு தெரியல. பொட்டு தெரியுது, எனக்கு மட்டும் தெரியுது. தாரணியைன்னேன். அன்னைக்கு அதுக்குக் காய்ச்சலாச்சேன்னு மதினி கேட்டிருந்தா நான் மாட்டியிருப்பேன், கேக்கல, எந்த நாளுன்னு அவுகளுக்கு ஞாபகமில்லை. நல்லவேளை, பூரணியை எடுத்திருந்தன்னு வையி, நான் உன்னை மன்னிக்கவே மாட்டேன் கனின்னு சொல்லி தாரணியை இழுத்து உப்பும் மிளகாயும் சுத்திப் போட்டாக. மிளகாய் நெடியில எல்லாரும் இருமினோம். அந்த இருமலோட சேத்து நானும் அழுதுக்கிட்டேன், யாரும் வித்தியாசமா நினைக்கல.

அப்புறம் நான் எத்தனை தடவை சொல்லியிருக்கலாம். எண்ணிப் பாத்தா வெக்கமா இருக்கு. நோஞ்சானாக் கிடந்த தாரணிக்குக் கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, ஏலக்காய்னு வறுத்துத் திரிச்சுக் கொடுத்தேன், ஒரு பிள்ளையையாவது நிப்பாட்டணும்னு வெறி எனக்கு, அது கன்னம் வச்சுத் தேறி வந்ததைப் பாத்துத் தெருவுல கேட்டாக, எங்க வீட்டுக்காரவுக தன் பலசரக்குக் கடையில ரெண்டு பொட்டலம் வச்சாக, நாலு வச்சாக, ஒரு நாள் பாத்தா மில்லு. கவர் அடிக்கலாம்னு வந்தப்ப, அடுத்தவன் பிள்ளை படம் எதுக்கு, நம்ம தாரணியையே போடுவோம்னு அந்தப் படத்தை ஃப்ரேமோட கழட்டிக் கொண்டாந்து இந்த பிரஸ்ல கொடுத்தது அவுகதான். அப்பச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்ல? செத்துப்போன பிள்ளை படத்தைப் போட்டுக் குழந்தைச் சாப்பாடு விப்பாகளா யாராவது? அடுத்து, பிரஸ்ல அந்த ஒரிஜினல் தொலைஞ்சு போச்சுன்னாக, அப்பச் சொல்லியிருக்கலாம், பிரஸ்ஸையே பொரட்டிப் போட்டிருக்கலாம், வாயை மூடிக்கிட்டு வந்தேன். முதல் கவர் வந்த அன்னைக்கு ஒரு கட்டைப் பிரிச்சுத் தரையில பரப்பி உக்காந்திருந்தேன். ஆயிரம் பூரணி. ஆயிரமும் சிரிக்கிறா. ஒரு கிறுக்குத்தனமான சந்தோசம் வந்துச்சு, புதைச்சவளை நான் கடைக்குக் கடை எழுப்பி நிறுத்திட்டேன்னு. எந்த ஊருக்குப் போனாலும் கடையில நின்னு பாக்கெட்டை முகம் தெரிய திருப்பி வச்சிட்டு வருவேன், வியாபாரக் கண்ணு சண்முகக்கனிக்குன்னு சொல்லுவாக. ரோட்டுல காலிக் கவர் கிடந்தா எடுத்துருவேன், மதுரை பஸ் ஸ்டாண்டுல சாக்கடை ஓரத்துல கிடந்ததை எடுத்துத் துடைச்சுப் பைக்குள்ள வச்சேன், தாரணி கூட இருந்தா, சீ அம்மா, என் மூஞ்சின்னா குப்பையில இருந்துகூட எடுப்பீகளான்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அப்பவாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவை கவர் அடிக்கும்போதும் இங்க வந்து ஒரே ஒரு சண்டைதான் போடுவேன், பொட்டு கறுப்பா விழலன்னு. படம் மங்க மங்க பொட்டு பழுப்பாப் போகும். எனக்கு ஆகாது. மூக்கு மங்கட்டும், பல்லு மங்கட்டும், பொட்டு இருக்கணும், அது இல்லைன்னா அவ தாரணியாயிருவா, எனக்கும் அவ தாரணியாயிருவா. மாரீஸ்வரி வேலைக்குச் சேந்த வருஷம் என் தொல்லை பொறுக்காம, இந்தாங்கக்கா, பொட்டைத் தனியா வரைஞ்சு மேல வச்சுட்டேன், இனி ஜென்மத்துக்கும் மங்காதுன்னா. பிரஸ்ல எனக்குப் பொட்டக்கான்னே பேரு.

எங்க வீட்டுக்காரவுக போய் அஞ்சு வருஷமாச்சு. கடைசி ஒரு வாரம் நினைவு வந்து வந்து போச்சு, நினைவு வந்தப்ப ஒரு நாள் மேசையில இருந்த பாக்கெட்டைப் பாத்து, கனி, இந்தப் பிள்ளைதான் நம்மளைக் கரை சேத்துச்சுன்னாக. கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஆமா இதுதான்னேன். இதுன்னுதான் சொன்னேன், பேரைச் சொல்லல, அது பொய்யா உண்மையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. மதினியும் போயிட்டாக. இனிமே பயப்பட யாரும் இல்லை. பயமும் இல்லை. பெறகு ஏண்டி சொல்லலன்னு என்னை நானே கேட்டுக்கிட்டு இருக்கேன், ஃபேனு கடக் கடக்குங்குது. ஏன்னா தாரணிக்கு வேற போட்டோ கிடையாது. நான் எடுக்க விட்டாத்தானே. பூரணி போனப்புறம் காமெராவைக் கண்டாலே பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடுவேன், கல்யாண வீட்டுல போட்டோக்காரன்கிட்டச் சண்டை, ஒண்ணாப்புக்கு ஸ்கூல்ல போட்டோ கேட்டப்பதான் முதல் படம், அதுலயும் நான் பக்கத்துலயே நின்னேன். பிள்ளையா அவ எப்படி இருந்தான்னு அவளுக்குக் காட்ட இந்தப் பாக்கெட்தான். ஸ்கூல்ல பாக்கெட் பாப்பான்னு கூப்பிடுவாக, சந்தோசமா வந்து சொல்லுவா. சின்னதுல கண்ணாடி முன்னால பாக்கெட்டை வச்சுக்கிட்டு நிப்பா. நான் அவளுக்கு இடக் கன்னத்துலதான் பொட்டு வைப்பேன், கண்ணாடியில அது இடப்பக்கமே தெரியும், படத்துல பூரணியோட வலக் கன்னம் பாக்குற நமக்கு இடப்பக்கமாத் தெரியும், ரெண்டும் சரியாப் பொருந்திப்போகும். ஒரே இடத்துலதான்மா வச்சிருக்கீகன்னு கைதட்டுவா. நான் அவ முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு எங்க மூணு பேர் மூஞ்சியையும் பாப்பேன். தைப்பொங்கலுக்கு மறுநாள் வீட்டுல செத்துப்போன சின்னப் பொண்ணை நினைச்சுக் கன்னி கும்பிடுவோம், பூரணிக்குப் புதுப் பாவாடை, சட்டை, வளையல், பூவு, விளக்கு. படம் கிடையாது. படமே எடுக்காத பிள்ளைக்கு ஏது படம். விளக்கை தாரணிதான் ஏத்துவா. இந்த வருஷம் ஏத்திட்டு, பாவம்மா அவ, எனக்காவது ஒண்ணு இருக்கு, அவளுக்கு ஒரு போட்டோகூட இல்லைன்னு கண்ணு கலங்கினா. அங்கன மூலையில ஏழு பெட்டிப் பாக்கெட் லோடு ஏத்த அடுக்கி வச்சிருந்துச்சு, எல்லாம் சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. நான் சூடத்தைக் கொளுத்தினேன். இவகிட்டச் சொன்னா இவளோட சின்ன வயசு மூஞ்சியைப் பிடுங்கினவளாவேன். சொல்லலைன்னா அவளை வேற பேர்லயே வழியனுப்பினவளாவேன். ரெண்டும் நான் பெத்ததுதான். ஆபீசரம்மா மூணு மாசம் டைம் கொடுத்தாக, நான் எட்டாந்தேதியில இருந்து தூங்கல. ஒரு வயசுக்குள்ள படம் எடுக்கக்கூடாதுன்னு மதினி, ரெண்டு வயசுக்குள்ள பிள்ளைக சாப்பாட்டுக் கவர்ல படமே இருக்கக்கூடாதுன்னு கவர்மெண்டு, எனக்கென்னமோ மதினி மேல போயும் விடலைன்னு தோணுது, மனு கினு எழுதிப் போட்டு எடுக்க வச்சுட்டாகளோன்னு. இப்படியெல்லாம் தோணினா கிறுக்குன்னுதான் சொல்லுவாக. நாளைக்குப் பழைய கவர் ரோலை வெட்டணும். பதினோரு ரோலு. ஆளை விட்டு வெட்டச் சொல்லி, வெட்டினதைப் போட்டோ எடுத்து அனுப்பணுமாம். போட்டோ எடுக்கணுமாம், கேட்டுக்கோ.

கதவு திறந்துச்சு. தாரணிதான் முதல்ல வந்தா, கையில பளபளன்னு ஒரு பிளாஸ்டிக் தாள், பின்னாலயே மாரீஸ்வரி துப்பட்டாவால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு. புது கவரோட மாதிரியை நிஜக் கவர்த் தாள் மேலயே அடிச்சிருக்கா. பச்சை நிறம், தாரணின்னு பெரிசா, கீழ சத்துமாவு. நம்பர் இருக்கு, பச்சைப் புள்ளி கட்டத்துக்குள்ள இருக்கு, தாய்ப்பாலே சிறந்தது இருக்கு. நடுவுல, படம் இருந்த இடத்துல ஒண்ணுமில்லை, உருண்டையா ஒரு ஜன்னல், அந்தப் பக்கம் தெரியுது. மாவு வெளிய தெரியட்டும்மா, இப்ப எல்லாரும் அப்படித்தான் போடுறாக, நம்ம மாவுக்கு என்ன குறைச்சல்னு போன வாரமே தாரணி சொல்லியிருந்தா, சொன்னப்ப சரின்னுதான் தலையாட்டினேன். தாளை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சேன். பாத்தா ஜன்னல்ல ஒரு கறுப்பு. இடப்பக்கமா, கீழ, மிளகு அளவுக்கு. நான் அழுக்குன்னு நினைச்சுத் தொட்டேன், போகல. மாரீஸ்வரி எட்டிப் பாத்து நாக்கைக் கடிச்சுக்கிட்டா, அய்யோ உங்க பொட்டுக்கா, தனியா வரைஞ்சு வச்சேன்ல, படத்தை எடுத்தேன், பொட்டு அப்படியே நின்னுருச்சு, ஒரு நிமிஷம் எடுத்துர்றேன்னு கையை நீட்டினா. தாரணிக்கு ஒரே சிரிப்பு. இரு இரு மாரீஸ்வரிக்கா, எங்கம்மா இருபத்தோரு வருஷமாச் சண்டை போட்டு வச்ச பொட்டு, சும்மா போகுமான்னு சொல்லிட்டு தாளை என் கையில இருந்து வாங்கி, எழுத்து என்னைப் பாக்குற மாதிரி தூக்கி, தன் மூஞ்சிக்கு முன்னால பிடிச்சா. ஜன்னலுக்குள்ள அவ மூஞ்சி. "இங்க பாருங்கம்மா, உங்க பாக்கெட் பாப்பா வளந்துட்டா," அப்படின்னா.

பொட்டு போய் வலக் கன்னத்துல உக்காந்துச்சு. தாரணிக்கு நான் ஒரு நாளும் வைக்காத கன்னத்துல. ஈறு தெரிய அதே சிரிப்பு. இருபத்துநாலு வயசு. கம்மல் போட்டு, புருவம் திருத்தி, தெப்பக்குளம் மாடிப்படியில நான் இளைக்க இளைக்கத் தூக்கிட்டுப் போனவ வளந்து, படிச்சு, எம் முன்னால வந்து நிக்கிறா.

"பூரணி," அப்படின்னேன்.

சத்தமாத்தான் சொல்லியிருக்கேன். மாரீஸ்வரி என்னைப் பாத்தா, தாரணியைப் பாத்தா, உள்ளே போயிட்டா. தாரணி தாளைக் கீழ இறக்கல. ஜன்னலுக்குள்ளயே சிரிப்பு மெதுவா நின்னுச்சு. அவ வலது கையைத் தூக்கி, பொட்டு இருந்த பக்கம், தன் கன்னத்தைத் தொட்டா. அப்புறம் இடக் கன்னத்தைத் தொட்டா. அதுக்கப்புறம்தான் தாளை இறக்கினா. கெட்டிக்காரி அவ, சின்னதுல இருந்தே கண்ணாடி முன்னால நின்னவ, அவளுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லாமப் போச்சு. ஆனாலும் கேட்டா, பாக்கெட்ல இருந்தது அவளான்னு. ஆமான்னேன். எல்லாத்துலயுமான்னா. எல்லாத்துலயும்தான், உனக்குக் காய்ச்சல், உன்னை நான் தூக்கிட்டே போகலைன்னேன். திட்டுவான்னு பாத்தேன். தாளை விட்டெறிவான்னு பாத்தேன். அவ பக்கத்துச் சேர்ல உக்காந்து, மடியில அந்தத் தாளை வச்சு நீவி விட்டுக்கிட்டே இருந்தா, அப்புறம் சின்னப் பிள்ளைக் குரல்ல, கீழ பாத்துக்கிட்டே கேட்டா.

"அப்ப நான் எப்படிம்மா இருந்தேன்?"

கண்ணை மூடிப் பாத்தேன். எட்டு மாசத்துத் தாரணி. கழுத்துக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டுக் கொதிக்கிற நெத்தி வருது. கறுப்பு அரைஞாண் கயிறு வருது. கனமே இல்லாம இடுப்புல ஒட்டிக்கிட்டு இருந்தது, இடது மாரைக் கடிச்சது, வசம்பு வாடை, ஈனக் குரல்ல அழுகை, எல்லாம் வருது. மூஞ்சி வரல. மறுபடியும் பாத்தேன். எங்கிட்டு இருந்து பாத்தாலும் வலக் கன்னத்துல பொட்டு வச்சவளே வந்து சிரிக்கிறா. இருபத்தோரு வருஷமா நான் அவளையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். தாரணி என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கா. அவளை மாதிரியேதான் இருந்தன்னு சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியல, இன்னொரு பொய்யை இந்தப் பிள்ளைகிட்டச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"தெரியலடி," அப்படின்னேன். "கனமே இல்லாம இருந்த. அதுதான் தெரியுது."

அவ தலையாட்டினா. உள்ளே இருந்து மாரீஸ்வரி மெதுவாக் கேட்டா, அக்கா, அந்தப் பொட்டை எடுத்துரவான்னு. தாரணி என் கையை எடுத்து அவ இடக் கன்னத்துல வச்சு, அப்படியே பிடிச்சுக்கிட்டா.